தட்டணு தானம் செய்யத் தக்கவர் யார்?

இரத்த தானம் என்னும் சொல் இன்று நமது கிராமங்கள் அறியாத சொல் அன்று. பள்ளிக்கூடத்திலோ ஊராட்சி மன்றக் கட்டிடத்திலோ முகாம் நடைபெறுவதும், இளைஞர்கள் வரிசையாக வந்து இரத்தம் கொடுத்துச் செல்வதும் பழகிய காட்சிகளாகிவிட்டன. ஆனால், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளி ஒருவருக்குத் தட்டணுக்கள் தேவை என்று மருத்துவர் கூறும்போது, உறவினர்கள் செய்வதறியாது திகைக்கின்றனர். வண்டி பேசி ஊரிலிருந்து ஐந்தாறு பேரை அழைத்துச் சென்றாலும், அவர்களுள் ஒருவர் எடை குறைந்தவராக இருக்கிறார். ஒருவர் முதல் நாள் தலைவலிக்கு ஆஸ்பிரின் மாத்திரை விழுங்கியவராக இருக்கிறார். மற்றொருவர் பத்து நாட்களுக்கு முன்புதான் முகாமில் இரத்தம் கொடுத்திருக்கிறார். வந்தவர்கள் மனம் சோர்ந்து ஊர் திரும்புகின்றனர். நல்ல மனம் படைத்தவர்கள் பலர் இருந்தும் நோயாளிக்கு வேண்டியது உரிய வேளையில் கிடைப்பதில்லை.

இக்குறை மனத்தின் குறை அன்று. விவரம் தெரியாமையால் வரும் குறையே. தட்டணுக்கள் யாவை, அவற்றை யார் கொடுக்கலாம், எந்த உடல்நிலையில் கொடுக்கலாகாது, அந்த விதிகள் எதற்காக ஏற்பட்டன என்பவற்றை நாம் முன்கூட்டியே அறிந்துகொண்டால், இத்தகைய வீண் அலைச்சலைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

தட்டணுக்கள் எவை?

நமது இரத்தத்தில் சிவப்பணுக்கள், வெள்ளையணுக்கள், தட்டணுக்கள் என மூவகை அணுக்கள் உள்ளன. இவை பிளாஸ்மா என்னும் மஞ்சள் நிற நீரில் மிதந்து செல்கின்றன. சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்கின்றன. வெள்ளையணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கின்றன. தட்டணுக்கள் இரத்தப்போக்கை நிறுத்துகின்றன. மருத்துவமனைகளில் "பிளேட்லெட்" என்று கூறப்படுவது இந்தத் தட்டணுக்களையே.

வரப்பில் உடைப்பு எடுத்தால் முதலில் கைக்குக் கிடைத்த மண்ணையும் வைக்கோலையும் இட்டு அடைக்கிறோம். பிறகு அதன்மேல் களிமண்ணைப் பூசி உறுதிப்படுத்துகிறோம். இரத்தக் குழாயில் காயம் ஏற்படும்போதும் இவ்வாறே நிகழ்கிறது. தட்டணுக்கள் காயம்பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முதல் அடைப்பை உண்டாக்குகின்றன. பிறகு, பிளாஸ்மாவில் உள்ள உறையும் பொருள்கள் அந்த அடைப்பைக் கெட்டிப்படுத்துகின்றன.

இந்நுண்ணிய அணுக்களின் தொழிலை இத்தாலிய அறிஞர் பிஸோசெரோ என்பவர் 1882-ஆம் ஆண்டில் விளக்கினார். தட்டணுக்கள் குறைந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்த நோயாளிக்குப் பிறர் இரத்தத்தைச் செலுத்தினால் தட்டணுக்கள் பெருகிக் கசிவு நிற்கும் என்பதை 1910-ஆம் ஆண்டில் டியூக் என்னும் அமெரிக்க மருத்துவர் எடுத்துக்காட்டினார்.

தட்டணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. ஒரு தட்டணுவின் ஆயுள் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே. ஆரோக்கியமான ஒருவருடைய இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 1½ இலட்சம் முதல் 4½ இலட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். பழையன கழிவதும் புதியன சேர்வதும் ஒவ்வொரு நாளும் நடைபெறுவதால், ஒரு பகுதியைப் பிறருக்குக் கொடுத்தாலும் உடல் அதனைச் சில நாட்களிலேயே ஈடு செய்துகொள்கிறது.

யாருக்குத் தேவை?

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்குத் தட்டணுக்கள் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. புற்றுநோய் மருந்துகள் நோயுற்ற அணுக்களை அழிக்கும்போது மஜ்ஜையின் உற்பத்தியையும் சில வாரங்கள் நிறுத்திவிடுகின்றன. அக்காலத்தில் நோயாளியின் தட்டணுக்கள் 10,000-க்கும் கீழே இறங்கக்கூடும். அந்நிலையில் காயம் ஏதும் இல்லாமலே மூளையிலோ குடலிலோ இரத்தம் கசியும் அபாயம் உண்டு. அவர்களுக்கு ஒருமுறை கொடுத்தால் போதாது. மஜ்ஜை மீண்டும் வேலை செய்யத் தொடங்கும் வரை திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். மஜ்ஜையே வற்றிப்போகும் நோயுடையவர்களுக்கும், பெரிய அறுவைச் சிகிச்சையிலும் விபத்திலும் பிரசவத்திலும் மிகுதியாக இரத்தம் இழந்தவர்களுக்கும் இவை தேவைப்படுகின்றன.

டெங்கு காய்ச்சலைப் பற்றி இங்கே தனியாகக் கூற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நமது ஊர்களில் டெங்கு பரவும்போது, பரிசோதனைச் சீட்டில் தட்டணு எண்ணிக்கை குறைந்திருப்பதைக் கண்டவுடன் உறவினர்கள் அஞ்சி, உடனே தட்டணு ஏற்ற வேண்டுமென்று மருத்துவரை வற்புறுத்துகின்றனர். இது சரியன்று. டெங்குவில் பெரும்பாலோருக்குத் தட்டணுக்கள் தாமாகவே மீண்டும் உயர்கின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள 5 மருத்துவமனைகளில், தட்டணுக்கள் 20,000 அல்லது அதற்குக் கீழே இறங்கியும் பெரிய இரத்தப்போக்கு இல்லாத 372 டெங்கு நோயாளிகளிடம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றியவர்களுக்கு இரத்தப்போக்கு குறையவில்லை. மாறாக, ஏற்றியதால் வரும் தொல்லைகளே சிறிது மிகுந்தன என்று அது காட்டியது. நமது நாட்டின் டெங்கு சிகிச்சை நெறிமுறைகளும், இரத்தப்போக்கு இல்லாதவருக்கு எண்ணிக்கை 10,000-க்கும் கீழே இறங்கினால்தான் முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவதைப் பற்றிக் கூறுகின்றன. டெங்கு நோயாளிக்கு முதலில் வேண்டியது போதிய நீர்ச்சத்தும் மருத்துவரின் இடைவிடாத கவனிப்புமே. தேவையில்லாத இடத்தில் செலவிடும் ஒவ்வொரு பையும், தேவையுள்ள வேறொரு நோயாளியிடமிருந்து பறிக்கப்பட்டதாகும் என்பதை நாம் மறக்கலாகாது.

இரு முறைகள்

தட்டணுக்களைப் பெறுவதற்கு இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில், முகாம்களில் வழக்கம்போல் எடுக்கும் 350 அல்லது 450 மில்லி லிட்டர் முழு இரத்தத்தை இயந்திரத்திலிட்டுச் சுழற்றி, சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு எனப் பிரிக்கின்றனர். இவ்வாறு ஒருவரது இரத்தத்திலிருந்து கிடைப்பது சிறு அளவே. வளர்ந்த நோயாளி ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஐந்தாறு பேருடைய தட்டணுக்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் முறை அபெரெசிஸ் எனப்படும். கொடையாளியின் கையிலிருந்து வரும் இரத்தம் நேரே ஓர் இயந்திரத்துக்குள் செல்கிறது. இயந்திரம் தட்டணுக்களை மட்டும் பிரித்து ஒரு பையில் சேர்த்துக்கொண்டு, சிவப்பணுக்களையும் பிளாஸ்மாவின் பெரும் பகுதியையும் கொடையாளிக்கே திருப்பிச் செலுத்துகிறது. இதற்கு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். இதில் பயன்படும் ஊசி, குழாய், பை ஆகிய அனைத்தும் கிருமி நீக்கப்பட்டுப் புதிதாகப் பிரிக்கப்படுபவை. ஒருவருக்குப் பயன்படுத்திய பின் எறியப்படுபவை. ஆதலால், இவ்வாறு கொடுப்பதனால் கொடையாளிக்கு வேறொருவரின் நோய் தொற்றும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவமனைகளில் "எஸ்.டி.பி." என்று குறிப்பது இம்முறையில் ஒரே கொடையாளியிடமிருந்து பெற்ற தட்டணுப் பையையே ஆகும்.

இவ்வாறு பெறும் ஒரு பையில் குறைந்தது 30,000 கோடி தட்டணுக்கள் இருத்தல் வேண்டும். எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். 5 லிட்டர் இரத்தமும், கன மில்லிமீட்டருக்கு 2½ இலட்சம் தட்டணுக்களும் உடைய ஒருவரது இரத்தத்தில் ஏறத்தாழ 1,25,000 கோடி தட்டணுக்கள் உள்ளன. அதில் கால் பங்கிற்குச் சற்றுக் குறைவாகவே எடுக்கப்படுகிறது. மேலும், மண்ணீரலிலும் உடல் ஒரு பகுதியை இருப்பாக வைத்திருக்கிறது. ஆனால், எடையும் எண்ணிக்கையும் குறைந்த ஒருவரிடமிருந்து இதே அளவை எடுத்தால் அவருடைய பங்கில் பெரும் பகுதி போய்விடும். அடுத்துக் கூறப்போகும் விதிகள் பலவற்றுக்கு இந்தக் கணக்கே அடிப்படை.

அடிப்படைத் தகுதிகள்

நமது நாட்டில் இரத்தக் கொடையாளிகளின் தகுதியை மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகள் வரையறுக்கின்றன. இவை 2020-ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்டன. இரத்த வங்கி என்பதற்கு இரத்த மையம் என்ற பெயர் வந்ததும் அத்திருத்தத்தினால்தான். அவ்விதிகளின்படி, அபெரெசிஸ் முறையில் தட்டணு கொடுப்பவருக்கு வேண்டிய முக்கியமான தகுதிகளாவன:

வயது: 18 முதல் 60 வரை.

எடை: 50 கிலோவுக்குக் குறையலாகாது. முழு இரத்தம் கொடுப்பவருக்கு 45 கிலோ போதும்.

ஹீமோகுளோபின்: ஆண் பெண் இருபாலாருக்கும் 100 மில்லி லிட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறையலாகாது.

தட்டணு எண்ணிக்கை: கன மில்லிமீட்டருக்கு 1½ இலட்சத்துக்கு மேல்.

இரத்த அழுத்தம்: மேல் அளவு 100 முதல் 140 வரை, கீழ் அளவு 60 முதல் 90 வரை.

நாடித் துடிப்பு: நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை, சீராக.

இவற்றுடன், முழங்கை மடிப்பில் உள்ள இரத்தக் குழாய் நன்கு புலப்படுவதாக இருத்தல் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இரத்தம் தடையின்றி ஓட வேண்டியிருப்பதால், மிக மெல்லிய குழாய் உடையவர்களை மருத்துவர் ஏற்பதில்லை. இது நோய் அன்று. அவர்கள் முழு இரத்தம் கொடுக்கத் தடையும் இல்லை.

கால இடைவெளியையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். முழு இரத்தம் கொடுத்த ஆண் மூன்று மாதங்களுக்குப் பிறகும், பெண் நான்கு மாதங்களுக்குப் பிறகுமே மீண்டும் முழு இரத்தம் கொடுக்கலாம்; ஏனெனில், இழந்த சிவப்பணுக்களையும் இரும்புச்சத்தையும் ஈடு செய்ய அத்தனை காலம் வேண்டும். தட்டணு தானத்தில் சிவப்பணுக்கள் திரும்ப வந்துவிடுவதால், 48 மணி நேரம் கழித்து மீண்டும் கொடுக்கலாம். எனினும், வாரத்துக்கு இரண்டு முறைக்கும், ஆண்டுக்கு 24 முறைக்கும் மேற்படலாகாது. முழு இரத்தம் கொடுத்தவர் 28 நாட்கள் கழித்தே தட்டணு கொடுக்கலாம்.

மருந்துகளும் தட்டணுக்களும்

தட்டணு தானத்தில் பலருக்கும் வியப்பளிக்கும் விதி ஆஸ்பிரின் பற்றியதாகும். ஆஸ்பிரின் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் கெடுத்துவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாமையால், கெட்டுப்போன பொருளை அது மீண்டும் ஆக்கிக்கொள்ள இயலாது. தன் ஆயுள் முடியும் வரை அது செயலிழந்தே கிடக்கும். அத்தகைய தட்டணுக்களை நோயாளிக்கு ஏற்றினால் எண்ணிக்கை உயருமே தவிர, இரத்தப்போக்கு நிற்காது. ஆகவே, கடைசியாக ஆஸ்பிரின் உட்கொண்டு குறைந்தது 3 நாட்கள் கழிந்தவரிடமிருந்தே தட்டணு பெறப்படுகிறது. குளோபிடோகிரெல் போன்ற மருந்துகளை உட்கொண்டவர் 2 வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

நமது கிராமங்களில் தலைவலிக்கும் உடல்வலிக்கும் பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அது என்ன மாத்திரை என்று கேட்டால் நிறத்தைச் சொல்பவர்களே பலர். தட்டணு கொடுக்கச் செல்பவர் கடந்த இரண்டு வாரங்களில் உட்கொண்ட மாத்திரைகளின் உறையையோ மருந்துச் சீட்டையோ கையோடு எடுத்துச் செல்வது நலம். அதே வேளையில், இதய நோய்க்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினைத் தானம் செய்வதற்காக எவரும் தாமாக நிறுத்தலாகாது. அவ்வாறு நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியும். இதய நோயுடையவர் கொடையாளியாக ஏற்கப்படுவதும் இல்லை.

நீரிழிவும் இரத்த அழுத்தமும்

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உடையவர்கள் ஒருபோதும் கொடுக்கலாகாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது முழு உண்மை அன்று. நீரிழிவுக்கு மாத்திரை மட்டும் உட்கொள்பவர், கடந்த 4 வாரங்களில் மருந்தின் அளவு மாறாமல் இருந்து, மற்றத் தகுதிகளும் பெற்றிருந்தால் ஏற்கப்படலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர் கொடுக்கலாகாது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்பவரும், அழுத்தம் மேற்கூறிய வரம்புக்குள் இருந்து, இதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் பாதிக்கப்படாமல் இருந்தால் கொடுக்கத் தடையில்லை. இந்த இரு பிரிவினரும் தாமே முடிவு செய்து ஒதுங்கிவிடாமல், மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

காத்திருக்க வேண்டியவர்கள்

சில நோய்களிலிருந்து குணமடைந்தவர்கள் குறிப்பிட்ட காலம் காத்திருந்து பிறகு கொடுக்கலாம். மலேரியா முற்றிலும் குணமாகி 3 மாதங்களும், டெங்கு அல்லது சிக்குன்குனியா குணமாகி 6 மாதங்களும், டைபாய்டு குணமாகி 12 மாதங்களும் கழிய வேண்டும். காச நோய் முற்றிலும் குணமாயிற்றென்று உறுதியான பிறகு 2 ஆண்டுகள் கழிய வேண்டும். பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரும், பிறர் இரத்தம் ஏற்றப்பட்டவரும், பச்சை குத்திக்கொண்டவரும் 12 மாதங்கள் காத்திருக்க வேண்டும். சிறிய அறுவைச் சிகிச்சைக்கும் பல் பிடுங்கியதற்கும் 6 மாதங்கள். நாய் கடித்து வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். சளி, இருமல், காய்ச்சல் உள்ள நாளில் எவரும் செல்லலாகாது.

இக்காலங்கள் கொடையாளியைத் தண்டிப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. நோய் நீங்கியதுபோல் தோன்றினாலும் கிருமி இரத்தத்தில் சில காலம் மறைந்திருக்கலாம். தட்டணு பெறும் நோயாளியோ பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் அற்றவர். வலிமையுள்ள உடல் எளிதில் தாங்கும் கிருமி, அந்நோயாளியின் உயிரைக் குடித்துவிடலாம்.

கொடுக்கலாகாதவர்கள்

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைகளுள் "பி", "சி" என்னும் இரு கிருமிகளின் தொற்று, புற்றுநோய், இதய நோய், வலிப்பு நோய், நாட்பட்ட சிறுநீரக நோய், நாட்பட்ட கல்லீரல் நோய், இரத்தம் உறையாத நோய் ஆகியவற்றை உடையவர்கள் எக்காலத்தும் கொடுக்கலாகாது. இவற்றுள் சில நோயாளியைக் காப்பதற்காகவும், வலிப்பு, இதய நோய் போன்றவை கொடையாளியைக் காப்பதற்காகவும் விலக்கப்பட்டவை.

பெறப்படும் ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை "பி", "சி", மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்படுகிறது. அப்படியானால் கேள்விகள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கிருமி புகுந்த முதல் சில நாட்களில் சோதனையில் அது தெரியாமல் போகக்கூடும். அந்த இடைவெளியை அடைக்க வல்லது கொடையாளியின் உண்மையான பதில் ஒன்றுதான். ஆகவே, மருத்துவர் தனியறையில் கேட்கும் கேள்விகளுக்குக் கூச்சமின்றி விடையளிக்க வேண்டும். அந்த விடைகள் வெளியே சொல்லப்படா.

இங்கே ஊராருக்கும் ஒரு கடமை உண்டு. ஐந்து பேர் சென்று ஒருவர் திரும்பினால், "இவருக்கு என்ன நோயோ?" என்று திண்ணையில் பேசுவது தவறு. எடை, ஹீமோகுளோபின், ஒரு மாத்திரை, மெல்லிய இரத்தக் குழாய் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். வீண் பேச்சுக்கு அஞ்சி ஒருவர் மருத்துவரிடம் உண்மையை மறைத்தால், அதன் பயனை அனுபவிப்பவர் நோயாளியே. காரணம் கேட்காமலிருப்பதும் ஒரு வகை உதவி என்பதை நாம் உணர வேண்டும்.

பெண்களும் இரத்தச் சோகையும்

கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் கொடுக்கலாகாது. பிரசவம் ஆகி 12 மாதங்களும், கருச்சிதைவு ஏற்பட்டு 6 மாதங்களும் கழிய வேண்டும். மாதவிடாய் நாட்களிலும் கொடுப்பதில்லை. ஆனால், நமது பெண்கள் கொடையாளிகளாக இயலாமைக்குப் பெரிய காரணம் இவற்றுள் எதுவும் அன்று, இரத்தச் சோகையே. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் இந்தியாவில் நூற்றுக்கு 57 பேரும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கு மேலும் இரத்தச் சோகை உடையவர்கள். ஆண்களுள்ளும் நாடெங்கும் நால்வருக்கு ஒருவர் இவ்வாறு உள்ளார்.

ஆகவே, கொடையாளியாக வேண்டும் என்ற விருப்பம் முதலில் நம்மைச் சமையலறைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் அழைத்துச் செல்கிறது. முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், பேரீச்சம்பழம், ஈரல், முட்டை ஆகியவற்றை உணவில் சேர்க்க வேண்டும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போன்றவற்றையும் உடன் உண்டால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் அருந்தினால் அச்சத்து சேர்வது தடைப்படும். கொக்கிப் புழுவும் இரத்தத்தை உறிஞ்சுவதாகும். கழிப்பறையைப் பயன்படுத்துவதும், காலில் செருப்பு அணிவதும், குடற்புழு மாத்திரை உட்கொள்வதும் இதற்கு மாற்று. ஹீமோகுளோபின் குறைவென்று திருப்பி அனுப்பப்பட்ட பெண், அதனை அவமானமாகக் கருதாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று சிகிச்சை பெறுவாராயின், அந்தப் பயணம் வீண் பயணம் அன்று.

கொடுக்கச் செல்லும் நாளில்

முந்தைய இரவு நன்றாக உறங்க வேண்டும். விரத நாளிலும் வெறும் வயிற்றிலும் செல்லலாகாது. இட்லி, கஞ்சி போன்ற எளிய உணவை உண்டு, தண்ணீர் நிறைய அருந்திச் செல்ல வேண்டும். மது அருந்தியவரை ஏற்க மாட்டார்கள். முன் நாள் கடும் வெயிலில் உழைத்துக் களைத்தவர் ஓய்வு கொண்டு செல்வது நலம்.

இயந்திரத்துக்குள் இரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் என்னும் பொருளைச் சேர்க்கின்றனர். அது இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைச் சிறிது நேரம் கட்டிவிடுவதால், சிலருக்கு உதட்டிலும் விரல் நுனியிலும் மரத்தாற்போல் உணர்வு தோன்றலாம். உடனே அதனைச் செவிலியரிடம் கூற வேண்டும். இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தால் அது நீங்கிவிடும். பொறுத்துக்கொண்டு பேசாமலிருப்பது வீரம் அன்று.

கொடுத்த பின் சிறிது நேரம் அமர்ந்து, பானம் அருந்தி, பிறகு எழ வேண்டும். அன்று முழுவதும் ஊசி குத்திய கையால் நீர் இறைத்தல், மூட்டை தூக்குதல், மண் வெட்டுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மரம் ஏறுவோர் அன்று ஏறலாகாது. மறுநாள் முதல் வழக்கமான வேலைகளைச் செய்யலாம்.

கிராமம் செய்யக்கூடியது

சிவப்பணுக்களைக் குளிர்ப்பெட்டியில் ஐந்து வாரங்களுக்குக் குறையாமல் வைத்திருக்கலாம். தட்டணுக்களையோ குளிர்ப்பெட்டியில் வைத்தால் அவை பயனற்றுப்போகும். 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஓயாது அசைந்துகொண்டிருக்கும் தட்டில், 5 நாட்கள் மட்டுமே வைத்திருக்க இயலும். சுதந்திர தின முகாமில் ஆகஸ்டு 15-ஆம் நாள் எடுத்த இரத்தத்தின் சிவப்பணுக்கள் செப்டம்பர் நடுப்பகுதி வரை பயன்படும். தட்டணுக்களோ ஆகஸ்டு 20-க்கு மேல் பயன்படா. ஆகவே, தட்டணுவைச் சேமித்து வைக்க வழியில்லை. கொடையாளிகளையே ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

இதற்கு ஊராட்சி தோறும் ஒரு கொடையாளர் பதிவேடு வைப்பது சிறந்த வழி. இளைஞர் மன்றமும் மகளிர் சுய உதவிக் குழுவும் சேர்ந்து, கிராம சுகாதாரச் செவிலியரின் துணையுடன், விருப்பமுள்ளவர்களின் பெயர், வயது, எடை, இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த நாள், தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிவைக்கலாம். நோய் விவரம் எதையும் அதில் எழுதலாகாது. அது கொடையாளிக்கும் மருத்துவருக்கும் உரியது. ஊரில் முகாம் நடக்கும்போது எல்லாரும் ஒரே நாளில் முழு இரத்தம் கொடுத்துவிட்டால், அடுத்த 28 நாட்கள் தட்டணு கொடுக்க ஆள் இராது. ஆதலால், 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள சிலரை ஒதுக்கிவைத்து, 45 முதல் 50 கிலோ வரை உள்ளவர்களை முகாமுக்கு அனுப்பினால் இரு தேவைகளும் நிறைவேறும்.

அபெரெசிஸ் இயந்திரம் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. நமது ஊருக்கு அருகில் எந்த இரத்த மையத்தில் அது உள்ளது என்பதை முன்பே விசாரித்துப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். அழைப்பு வந்தால் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு ஓடாமல், பதிவேட்டைப் பார்த்துத் தகுதியுள்ள இருவரையோ மூவரையோ அனுப்பினால் போதும். மற்றவர்கள் அடுத்த முறைக்குக் காத்திருக்கலாம். இரத்தப் புற்றுநோயாளிக்கு அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் நிச்சயம் வரும்.

பணம் பெற்றுக்கொண்டு இரத்தம் கொடுக்கும் தொழில், 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 1998-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. மருத்துவமனை வாயிலில் நின்று, "ஆள் கொண்டுவருகிறேன்" என்று விலை பேசுபவரை நம்புவது சட்டத்துக்கும் மாறானது, நோயாளிக்கும் தீங்கானது. பணத்துக்காக வருபவர் உண்மையை மறைப்பதற்குக் காரணம் உண்டு. ஊராரில் ஒருவராய் விரும்பி வருபவருக்கு அக்காரணம் இல்லை.

நடவுக்கும் அறுப்புக்கும் முறை வைத்து ஒருவர்க்கொருவர் கைகொடுப்பது நமது கிராமங்களின் பழைய வழக்கம். அம்முறையைத் தட்டணு தானத்துக்கும் கொண்டுவருவது நமக்குக் கடினமான செயல் அன்று. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துப் பேசிப் பதிவேட்டைத் தொடங்குவது நல்ல தொடக்கமாகும்.

மன்றங்களில் படித்து விவாதிக்க

1. தட்டணு கொடுப்பவருக்கு எடை 50 கிலோ இருக்க வேண்டும் என்ற விதிக்குக் காரணம் யாது?

2. ஆகஸ்டு 15-ஆம் நாள் முழு இரத்தம் கொடுத்த இளைஞர் எந்நாள் முதல் தட்டணு கொடுக்கலாம்?

3. நேற்று ஆஸ்பிரின் உட்கொண்டவரின் தட்டணுக்கள் நோயாளிக்கு ஏன் பயன்படா?

4. நமது ஊரில் டெங்கு நோயாளி ஒருவரின் தட்டணு எண்ணிக்கை 60,000 என்று சீட்டு வந்தால், உறவினருக்கு நாம் கூற வேண்டியது என்ன?

5. நமது ஊராட்சியில் 18 முதல் 60 வயது வரை, 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ளவர் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேருக்குத் தம் ஹீமோகுளோபின் அளவு தெரியும்?